காலையில் சோப்பு, மதியம் எண்ணெய்

அத்தியாயம் 14

நாற்பத்தொரு நாள்.

ஒரே கூரையின் கீழே, ஒரே கட்டிலின் இரண்டு ஓரங்களில், ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் நாற்பத்தொரு நாளை ஓட்டிவிட்டார்கள் நம் ரொட்டிக்காரனும் அவன் மனைவியும். உங்களில் சிலருக்கு இது ஒன்றும் பெரிய சாதனையாகத் தெரியாது என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதங்களைப் படிக்கிறேனே! ஒரு வாசகி பதினான்கு மாதம் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என் வணக்கம்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடியுமுன் போனால் மதியம் ஒரு மணிக்கு வருவான். அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவாள். அதற்குள் அவன் தூங்கியிருப்பான். சண்டை போடுவதற்கே நேரம் ஒதுக்க வேண்டிய குடும்பம். அப்படி ஒரு லீவு நாளை ஒதுக்கிப் போட்டதுதான் அந்தச் சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் ஒன்பது வருஷமாக அவன் உயிரோடு காப்பாற்றி வந்த புளித்த மாவு இருந்தது. தினமும் ஒரு கரண்டி எடுத்து, பதிலுக்கு ஒரு கரண்டி புது மாவும் தண்ணீரும் விட்டு வளர்ப்பது. அவன் ரொட்டியின் வாசனையே அதிலிருந்துதான் வருகிறது. பேக்கரியில் வெள்ளையடிக்கிறார்கள் என்று ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தான். வைத்தவன் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கோ நுரைப்பதும் வாடை அடிப்பதும் கெட்டுப்போன சாமான். சுடுதண்ணீர் ஊற்றி, தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துவிட்டாள்.

"நீ வந்ததுலேர்ந்து இது வீடாவா இருக்கு? ஆஸ்பத்திரி மாதிரில்ல இருக்கு!" என்றான் அவன்.

"இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளுங்க" என்றாள் அவள்.

ரெண்டு பேருமே பிடித்த பிடியை விடாத ரகம். அதுதான் தொல்லை.

போன வாரம் அவளை நாம் விட்டது லேபின் படிக்கட்டில். முதலாளியம்மா வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார். அங்கே போக யார் தயார் என்று கேட்டபோது, கோபத்தோடு கோபமாக இவள் பேரைக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை நாலு மணிக்கு முடிவான பதிலைச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் நின்றபடி தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை நாலு மணிக்குள் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசினால் போகமாட்டேன். ஒரே ஒரு வார்த்தை. எந்த வார்த்தையானாலும் சரி.

இன்று வியாழக்கிழமை.

காலை பத்து மணிக்குப் பின்பக்கத்து பால்கனியில் வெளிச்சம் எப்போதும் கொஞ்சம் பால் கலந்தாற்போலத்தான் இருக்கும். கீழே ஒரு சலவைக் கடை. அங்கே இஸ்திரி போடப் போட நீராவி மேலே ஏறிவந்து, கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, கொடியில் காயும் துணிகளுக்கிடையில் சுற்றிவிட்டுப் போகும். அந்த மூட்டத்துக்கு நடுவே, ஒரு பழைய போர்வையின் மேல், வாள் படுத்திருந்தது.

ஒன்றரைக் கை நீளம். நுனியில் லேசாக ஒரு வளைவு. உறை எப்போதோ உளுத்து உதிர்ந்துவிட்டது. பிடியில் இரும்புப் பூ வேலை, அதன் இதழ்களுக்குள் எல்லாம் துரு. எந்தக் காலத்தில் யார் கையில் இருந்ததோ, சொல்வாரில்லை.

அது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்றால், ரொட்டிக்காரனின் அப்பா ரயில்வேயில் தொலைந்த பொருள் அறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். குடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை ஒரு முழு பல் செட் என்று ஜனங்கள் எதையெல்லாம் மறந்துவிட்டு இறங்கிப் போவார்களோ, அதையெல்லாம் எடுத்து எண் போட்டு அடுக்கி வைக்கிற வேலை. வாள் ஒரு கோரைப் பாயில் சுருட்டியபடி, ஜன்னலோர இருக்கைக்குக் கீழே கிடந்ததாம். தேடிக்கொண்டு ஒருத்தரும் வரவில்லை. அந்த அறையை மூடியபோது கையெழுத்து வாங்கிக்கொண்டு இவரிடமே கொடுத்துவிட்டார்கள். பரண்மேல் போட்டவர் அதை மறந்தும் போனார்.

பத்தொன்பது நாளைக்கு முன் ஒரு காலை, திடீரென்று நினைவு வந்து இறக்கச் சொன்னார்.

"இதோட நிஜ நிறம் என்னன்னு ஒரு தடவை பாத்துட்டா போதும், டாக்டரம்மா" என்றார்.

மருமகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் டாக்டர் இல்லை என்று நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "என் வாயில இருக்கிற அத்தனையும் நீ போட்டது. இதுக்கு மேல டாக்டருக்கு என்ன வேணும்?" என்று மேல்வரிசையைத் தட்டிக் காட்டுவார். மாமனாருக்கு முதல் முதலாக அவள் செய்து தந்தது அந்தப் பல் செட்தான். கொஞ்சம் எடுப்பாக அமைந்துவிட்டதால், அவர் சும்மா இருக்கும்போதும் புன்னகை செய்வது போலவே தெரியும்.

இப்போதும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாளைத் தூக்கினாள். விரலெல்லாம் எண்ணெய். கறுப்பாக, பிசுபிசுவென்று, போர்வை வரைக்கும் இறங்கியிருந்தது.

"மாமா! மறுபடியும் எண்ணெய் ஊத்தியிருக்கீங்களே!"

பெரியவர் புன்னகை செய்தார். அல்லது பல் செட் செய்தது.

"எத்தனை தடவை சொல்லிட்டேன். நான் கஷ்டப்பட்டுத் தேய்ச்சு சுத்தம் பண்றேன், மறுநாள் பாத்தா எண்ணெய்க் குளியல். கதவுக் கீலுக்கு ஊத்துங்க, முழங்காலுக்குத் தேய்ச்சுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. இதைத் தொடாதீங்க."

"சரி டாக்டரம்மா."

"நேத்தும் சரின்னீங்க."

"நேத்தும் நீதான் சொன்னே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளிச் சுடுதண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, பல் செட்டை மெருகேற்றும் வெள்ளைத் தூளைக் கொஞ்சம் துணியில் தொட்டு, தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கும்போது மாமனாரோடு பேசிக்கொண்டே இருப்பது வழக்கம். லேபில் ஒரு வாடிக்கையாளர் மணமகளுக்கும் தனக்கும் ஒரே நிறத்தில் பல் கேட்டது, மேல்மாடிக்காரி வாங்கிய மிக்ஸி முதல் நாளே புகைந்தது, இப்படி எல்லாம். அவரும் ரயிலில் ஒருத்தர் விட்டுவிட்டுப் போன கிளிக்கூண்டைப் பற்றிச் சொன்னார். இதற்கு முன் எட்டுத் தடவை சொன்ன கதைதான். ஒன்பதாம் தடவையும் கிளி தப்பித்துவிட்டது.

ஊரைவிட்டுப் போகப்போவதை மட்டும் அவள் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தண்ணீரை ஊற்றி நுரையோடு சேர்த்து அதையும் கழுவிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வாள் சாம்பல் நிறத்தில் துளி எண்ணெய் இல்லாமல் துடைத்துக் கிடந்தது. அவளுக்குத் திருப்தி.

"மாமா, சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

அவர் தலையாட்டினார்.

இங்கே ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும். எண்ணெய் ஊற்றியது பெரியவர் இல்லை.

ஒரு மணிக்கு மகன் வருவான். சாப்பிடுவான். பால்கனிக்குப் போவான். அதற்குள் கீழே இஸ்திரி மும்முரமாகி நீராவி முழுக்க மேலே வந்திருக்கும். எண்ணெய்ப் பசை போன வெறும் இரும்பு அந்த ஈரத்தில் ஒன்றரை மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும்? புதுத் துரு பூத்திருக்கும், ஆரஞ்சு நிறத்தில், பவுடர் பூசினது மாதிரி. என்ன இரும்புடா இது, நேற்றுதானே எண்ணெய் போட்டு ஊறவைத்தோம் என்று அவன் மண்டையைச் சொறிவான். அப்பாவுக்குக் கையை நாளைக்குப் பத்துத் தடவை கழுவுகிற வழக்கம் உண்டு. சரி, வாளையும் அவர்தான் கழுவிவிடுகிறார் போல என்று முடிவு கட்டி, பெருமூச்சு விட்டு, மறுபடி தையல் மெஷின் எண்ணெயைக் கெட்டியாகப் பூசி, செப்புக் காசு ஒன்றின் விளிம்பால் துருவைச் சுரண்டி, அப்படியே ஊறட்டும் என்று விட்டுவிட்டுப் போய்ப் படுப்பான்.

மறுநாள் காலை அவள் வந்து அதைக் கழுவுவாள்.

பத்தொன்பது நாளாக இதுதான் நடக்கிறது. அவன் போடுவதை அவள் எடுக்கிறாள், அவள் எடுத்த இடத்தில் துரு பூக்கிறது, அதன்மேல் அவன் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வீட்டில் இருப்பதால் ரெண்டு பேருமே வாள் பக்கம் போவதில்லை. எனக்கு இவர்கள் ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் போல இருக்கிறது. எல்லாம் தெரிந்த பெரியவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்கே வெளிச்சம்.

லேபில் அன்று அவளுக்குக் கை ஓடவில்லை.

மெழுகில் பதித்த பல் வரிசைகள் மேசை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தன. ஜன்னல் வெயிலில் மெழுகு இளகும் வாசனை. அந்த வாசனை வந்தால் அவளுக்குக் கண் செருகும், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நிலை. அதில் அந்த வாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து ஏதோ சொல்ல வருவதுபோல் இருக்கும். சொல்லாது. நாலு மணி, நாலு மணி என்று நினைத்துக்கொண்டே ஒரு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாகப் பதித்துவிட்டாள்.

ஒன்றரை மணிக்கு டமார் என்று ஒரு சத்தம். மெருகேற்றும் சக்கரம் சுழன்று, தயங்கி, நின்றது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் போயிற்று. நாளை வரை மின்சாரம் கிடையாதாம்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் முதலாளியம்மா. இவளை மட்டும் நிறுத்தினார். "நாலு மணிக்கு போன் பண்றேன். ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லிடு. சுத்தி வளைக்காதே."

"சரிம்மா."

ஒரே வார்த்தை. ஊரே ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். இந்த நேரத்தில் அவள் இந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன. ஒரு நாய் ரோட்டின் நட்டநடுவில் படுத்திருக்க, சைக்கிள்காரர் ஒருவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். தன் வீட்டுக்கே விருந்தாளியாகப் போகிற மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள். மாமா தூங்குவாரே என்று.

கூடத்தில் யாருமில்லை. மாமனாரின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பின்பக்கம் போனாள்.

பால்கனி முழுக்க நீராவி. கொடியில் தொங்கிய துணிகள் விளிம்பு தெரியாமல் வெள்ளையாக நின்றன. அதற்கு நடுவே, குட்டை ஸ்டூலில், முதுகைக் காட்டிக்கொண்டு அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். மடியில் குறுக்காக வாள். காது மடலில் மாவு, வேலையிலிருந்து வந்து துடைக்காதது.

அவன் கட்டைவிரல் வாளின் முகத்தில் மெதுவாக ஓடியது. விரல் நுனியில் ஆரஞ்சுத் துரு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். கோபப்படவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்திலிருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து, உள்ளங்கையில் சொட்டுவிட்டு, பிடியிலிருந்து நுனி வரைக்கும் பிசைவது போலத் தடவ ஆரம்பித்தான்.

"பரவால்ல" என்றான் வாளிடம். "பரவால்ல, பரவால்ல."

நாற்பத்தொரு நாளைக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறாள். வாளிடம் பேசியது கணக்கில் சேருமா என்று ஒரு கணம் யோசித்தாள், பாருங்கள் அவள் கெடுபிடியை! சேராது என்றே முடிவு செய்தாள்.

அப்புறம்தான் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. எண்ணெய் மாமா இல்லை, இவர். காலையில் நான் கழுவிவிட்டுப் போனதுதான் இந்தத் துரு. நான் கழுவக் கழுவ, ஒவ்வொரு மதியமும் இவர் வந்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். ஜாடியைக் கழுவினேன். இதையும் பத்தொன்பது நாளாகக் கழுவியிருக்கிறேன். இத்தனைக்கும் இவர் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை, வாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் பேசட்டும், அவர் பேசட்டும் என்று காத்திருந்தோமே, பேச வேண்டியது யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்துதான் இருந்தது.

"சோப்பு போட்டது நான்தான்" என்றாள்.

அவன் கை நின்றது. திரும்பவில்லை. நீராவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், காதில் விழுந்தது நிஜமா தூக்கமா என்று தெரியாதவன் மாதிரி. கடைசியில் மெல்லக் கேட்டான்.

"எந்த சோப்பு?"

ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவளுக்கு ரெண்டாகவே கிடைத்துவிட்டது.

"பாத்திரம் தேய்க்கிறது."

"இதுக்கா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"பத்தொம்பது நாளா. தினமும் காலைல. மாமாதான் எண்ணெய் ஊத்தறார்னு நெனச்சு அவரைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

அவன் இப்போதுதான் திரும்பினான். "நான் அப்பாதான் கழுவறார்னு நெனச்சேன்."

"அவரைக் கேட்டிருக்கலாமில்ல?"

"நீ கேட்டிருக்கலாமில்ல?"

"நான் கேட்டேன். அவர் சரி சரின்னு தலையாட்டினார்."

அவன் உதடு துடித்தது. அழப்போகிறானோ என்று பயந்தாள். சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு வாளே குலுங்கியது. அவளும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடுவில் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஜாடியைக் கழுவியிருக்கக் கூடாது நான்" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"சொல்லி வச்சிருக்கணும் நான். ஆஸ்பத்திரின்னு சொன்னதுதான் தப்பு. அன்னிக்கு சாயங்காலமே தோணிச்சு."

"தோணினா வாயைத் திறக்க வேண்டியதுதானே!"

"நீதான் ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேக்கச் சொன்னியே."

அவள் எழுந்து போய் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்புறம் ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று சொல்ல எனக்கே பொறாமையாக இருக்கிறது. ஒரு சாண் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பிடியை ஒட்டின இடம். ஊறிக் கிடந்த துருவை அவன் காசு விளிம்பால் பொறுமையாகச் சுரண்டினான். அவள் சோப்பு நீர் தொட்டுத் துடைத்தாள். துடைத்த ஈரம் ஒரு நொடி நிற்கவிடாமல் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து சூடாக ஊதினாள். சூடு ஆறுமுன் அவன் எண்ணெயைத் தடவினான். சோப்பும் வேண்டும், எண்ணெயும் வேண்டும், நடுவே அந்தச் சூடும் வேண்டும். தனித்தனியாகச் செய்தபோது ஒன்றை ஒன்று கெடுத்தது, அடுத்தடுத்துச் செய்தபோது வேலை நடந்தது.

நாலாவது சுற்றில் அந்த ஒரு சாண் இடத்தில் வாள் தன் நிறத்தைக் காட்டியது.

வெள்ளை இல்லை, கறுப்பும் இல்லை. மழைக்கு முந்தின வானத்து நிறம். அதற்குள் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. தலையைச் சாய்த்தால் கோடுகளும் நகர்ந்தன. ரெண்டு பேரும் கன்னம் உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீராவி வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டது. கீழே இஸ்திரிக்காரர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் அப்படியே நின்றுவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கூடத்துக் கடிகாரம் மூன்றே முக்கால்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். புதுக் கிளை, நாலு மணி, போன், எல்லாம். அவன் எண்ணெய்த் துணியை மடித்து மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கினான்.

"எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ஆறு மணி நேரம்."

"என்ன வேலை?"

"பொறுப்பு முழுக்க என்னுது. எனக்குக் கீழ நாலு பேர்."

"நாலு பேரா!" என்றான். தன்னை மறந்து பெருமை வந்துவிட்டது அவன் குரலில். பிறகு குரல் இறங்கியது. "என் மேல இருந்த கோவத்துலதான் பேர் குடுத்தியா?"

அவள் போட்ட கெடுவின்படி பார்த்தால் இந்த இடத்தில் கதை சுபம். அவன் ஒரு வார்த்தையென்ன, ஒரு கூடை வார்த்தை பேசிவிட்டான். ஆமாங்க, கோவத்துலதான், இனிமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய் டீ போட வேண்டியதுதான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கோவத்துலதான் குடுத்தேன்..."

"ஆனா?"

அவன் அவளை அறிந்தவன்தான். பேசாவிட்டாலும் அறிந்தவன்.

"ஆனா எனக்கு அது வேணும்ங்க. இப்ப நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே தெரியுது. பதினோரு வருஷமா இன்னொருத்தர் வரைஞ்சு தர்றதைத்தான் நான் செஞ்சிட்டிருக்கேன். ஒரு தடவை நானா முடிவெடுத்துச் செஞ்சு பாக்கணும்னு இருக்கு. கோவம் இருந்தவரைக்கும் இது கோவம்னே நெனச்சேன். இப்ப கோவம் இல்ல, ஆசை மட்டும் அப்படியே இருக்கு."

மேசைமேல் போன் அடித்தது.

ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மூன்று தடவை அடித்தது, நாலு தடவை அடித்தது.

"எடு" என்றான்.

"எடுத்தா ஆமான்னுதான் சொல்வேன்."

"தெரியுது. எடு."

எண்ணெய்க் கையோடு எடுத்தாள். "வர்றேம்மா" என்றாள். அவ்வளவுதான். முதலாளியம்மா என்னென்னவோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனார். அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் அவன் கேட்டான். "எப்போ?"

"ஒண்ணாம் தேதி."

"பதினோரு நாள்." வாளை மெல்லப் போர்வையில் இறக்கி வைத்தான். "நாப்பத்தொரு நாள் கையில இருந்துச்சு நமக்கு. அதைப் போய் இப்படி..." முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். துருவும் மாவும் கலந்து கன்னத்தில் கோடு விழுந்தது.

அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "தினமும் போன்ல பேசுவேன். நீங்க பேசலைன்னாலும் நான் பேசுவேன். லீவுக்கு ஓடி வந்துடுவேன். நீங்களும் வாங்க. மாமாவை நெனச்சாத்தான் எனக்கு..."

"அப்பாவை நான் பாத்துக்கறேன். நீ அந்தக் கவலையை விடு."

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார், தெரியாது. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். வெளியே போகும்போது போடும் சட்டை. கையில் ஒரு துணிப்பை, ரெண்டு வேட்டியும் மருந்து டப்பாவும் எட்டிப் பார்த்தன.

"டாக்டரம்மா, ஒண்ணாம் தேதிக்கு எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுடு" என்றார்.

"அப்பா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" மகன் பதறி எழுந்தான். "நான் இங்கதானே இருக்கேன்?"

பெரியவர் அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அந்த எடுப்பான பல்லைத் தாண்டி, முதல் முறையாக, அவர் முகத்தில் சிரிப்பு இல்லை என்பது தெரிந்தது.

"இருக்கேப்பா. நாப்பத்தொரு நாளா நீயும் இங்கதான் இருந்தே. கோவம் அவமேல, ஆனா என்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலியே நீ."